அறைக்குள் பறக்கும் படம்

ஒரே கூடத்தில் இரண்டு திரைகள் இருக்கின்றன. ஒன்று சுவரில் மாட்டிய தொலைக்காட்சிப் பெட்டி. மற்றொன்று மடியில் கிடக்கும் பலகைக் கணினி. இதனை மாணவர்கள் 'டேப்' என்று செல்லமாகச் சுருக்கி அழைக்கிறார்கள். நானும் அப்பெயரையே வைத்துக்கொள்கிறேன். பாடம் சிறிய திரைக்குள் இருக்கிறது. பார்க்க வசதியான திரையோ சுவரில் சும்மா இருக்கிறது. பத்து அங்குலத் திரையைவிட நாற்பது அங்குலத் திரை நீளத்தில் நான்கு மடங்கு என்றால், பரப்பில் அது பதினாறு மடங்காகும். பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக் கிடந்த 2020, 2021-ஆம் ஆண்டுகளில், மூன்று பிள்ளைகள் ஒரே டேப்பின்மீது தலையோடு தலை மோதக் குனிந்திருந்ததை நான் பல வீடுகளில் கண்டேன். அவர்கள் முதுகுக்குப் பின்னால் பெரிய திரை இருண்டு கிடந்தது. இரண்டையும் கம்பியின்றி இணைக்கலாம் என்பது சிலருக்குத் தெரியவில்லை. தெரிந்த சிலர் முயன்று பார்த்து, படம் தயங்கித் தயங்கி நின்றதனால் கைவிட்டிருந்தார்கள்.

பொத்தானை அழுத்தத் தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். இணைந்துவிட்டால் போதும்தான். இணையாதபோதும், இணைந்த படம் பாதியில் உறைந்துபோகும்போதும், வீட்டில் ஒருவரை ஒருவர் குறை சொல்வதன்றி வேறு வழி தெரியாமல் நிற்கிறோம். டேப்பிலிருந்து தொலைக்காட்சிக்கு உண்மையில் என்ன செல்லுகிறது என்பதை அறிந்தவருக்கு அந்தத் திகைப்பு இல்லை. அதைத்தான் இன்று சொல்ல எண்ணுகிறேன்.

முதலில் அலை. சென்னை வானொலியின் மத்திய அலைக்கு உரிய 720 கிலோஹெர்ட்ஸ் என்னும் எண்ணைப் பெரியவர்கள் பலர் அறிவர். நொடிக்கு 7,20,000 அதிர்வுகள் என்பது அதன் பொருள். அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 416 மீட்டர். ஒரு நீண்ட தெருவின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள வைஃபைச் சாதனம் பயன்படுத்துவதும் அதே இனத்தைச் சேர்ந்த மின்காந்த அலையே. ஆனால் அது நொடிக்கு 240 கோடி தடவை அதிர்கிறது. நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். ஒரு சாணில் பாதிக்குச் சற்று மேல். புதிய சாதனங்களில் 5 கிகாஹெர்ட்ஸ் அலையும் உண்டு. அதன் நீளம் ஆறு சென்டிமீட்டர், அதாவது மூன்று விரல்களைச் சேர்த்து வைத்த அகலம். இத்தகைய குறுகிய அலைகள் நம் நாட்டுக்குப் புதியவை அல்ல. 1895-ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் இவற்றினும் குறுகிய அலைகளைச் சுவருக்கு அப்பால் செலுத்தி மணியை ஒலிக்கச் செய்து காட்டினார்.

அலைகளை விருப்பம்போல் எவரும் பரப்ப அரசாங்கங்கள் விடுவதில்லை, உரிமம் வேண்டும். அமெரிக்காவில் 1985-ஆம் ஆண்டிலும், இந்தியாவில் 2005-ஆம் ஆண்டிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி, குறைந்த ஆற்றலுடைய கருவிகளுக்கு உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது. அந்தப் பகுதியில் மைக்ரோவேவ் அடுப்பு முதலிய பொருள்களின் இரைச்சல் முன்னரே இருந்தது. வேறு எவரும் விரும்பாத அந்தப் புறம்போக்கு நிலத்தில்தான் வைஃபை குடியேறியது. சமையலறையில் அடுப்பு ஓடும்போது கூடத்தில் படம் தடுமாறினால் காரணம் இதுதான். புளூடூத் கருவிகளும், அடுத்த வீட்டு வைஃபையும் அதே நிலத்தில்தான் குடியிருக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் நெரிசல் குறைவு. ஆயினும் அந்த அலை சுவரைக் கடக்கையில் விரைவில் சோர்ந்துவிடும். டேப்பும் தொலைக்காட்சியும் வைஃபைச் சாதனமும் ஒரே அறையில் இருந்தால் அதையே தேர்ந்தெடுப்பது நலம்.

இன்னுமொரு தொல்லை உண்டு. கல் மண்டபத்தில் ஒருவர் விரைவாகப் பேசினால் நமக்குப் புரிவதில்லை. நேரே வரும் ஒலியோடு, தூணிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியும் கலந்து, முந்திய சொல்லின் வால் பிந்திய சொல்லின் தலையில் ஏறிவிடுகிறது. அறைக்குள் வைஃபை அலைக்கும் இதே கதி நேர்கிறது. பீரோவிலும் சுவரிலும் பட்டுப் பல வழிகளில் சுற்றி வருகிறது. இதற்குப் பரிகாரம் கண்ட கூட்டத்தில் ஆஸ்திரேலியாவின் அரசாங்க ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த ஜான் ஓசல்லிவன் முக்கியமானவர். அவர் 1970-களில் வானத்தில் வெடித்து மறையும் சிறு கருந்துளைகளின் வானொலித் துடிப்பைத் தேடியவர். கருந்துளை கிட்டவில்லை. கலங்கிய அலையைத் தெளிவாக்கும் கணிதம் கையில் தங்கியது. அதனைக்கொண்டு அவரும் தோழர்களும் கண்ட வழி எளியது: ஒருவரே விரைவாகப் பேசுவதற்குப் பதிலாக, வேறு வேறு சுருதியில் பலர் ஒரே சமயத்தில் நிறுத்தி நிதானமாகப் பேசட்டும். ஒவ்வொரு சொல்லும் நீண்டு நிற்பதால் எதிரொலி அதனைக் கெடுப்பதில்லை. செய்தியைப் பல மெதுவான ஓடைகளாகப் பிரித்து அடுத்தடுத்த அதிர்வெண்களில் அனுப்பும் இம்முறைக்கு 1996-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

பாதை கிடைத்துவிட்டது. ஆனால் அதில் செல்லவேண்டிய பாரம் எவ்வளவு? பென்சிலை எடுத்துக்கொண்டு என்னுடன் கணக்கிட்டுப் பாருங்கள். இன்று சாதாரணமாக விற்கும் தொலைக்காட்சித் திரைகளில் ஒருவகை, குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் உடையது. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க, சிவப்புக்கு எட்டு, பச்சைக்கு எட்டு, நீலத்துக்கு எட்டு என்று 24 பிட்டுகள் வேண்டும். பிட்டு என்பது ஒன்று அல்லது சுழி என்னும் ஒரே ஒரு விடை. ஆகவே ஒரு படத்துக்கு ஏறத்தாழ ஐந்து கோடி பிட்டுகள். நொடிக்கு 60 படங்கள் காட்டினால் முந்நூறு கோடி! வீட்டு வைஃபையில் நடைமுறையில் நொடிக்குச் சில கோடியிலிருந்து சில பத்துக் கோடி பிட்டுகளே ஓடும். யானையைச் சன்னல் வழியே நுழைக்க வேண்டியிருக்கிறது.

நுழைக்கும் வித்தையை விளக்க ஓர் உவமை சொல்லுகிறேன். வெளியூரிலுள்ள தங்கைக்கு அக்காள் ஒரு கோலத்தைத் தொலைபேசியில் சொல்லிக்கொடுக்கிறாள். மாவின் ஒவ்வொரு துகளும் தரையில் எங்கே விழுந்தது என்று சொல்லுவாளா? "ஏழு புள்ளி, ஏழு வரிசை, நேர்ப்புள்ளி" என்று தொடங்கி, இழை செல்லும் வழியைச் சொன்னால் தீர்ந்தது. மறுநாள், "நேற்றுப் போட்டதே, மூலையில் மட்டும் ஒரு கிளி" என்றால் போதும். திரைப்படமும் இவ்வண்ணமே சுருங்குகிறது. முந்திய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே பெரும்பாலும் அனுப்பப்படுகிறது. செய்தி வாசிப்பவரின் உதடு அசைகிறது. பின்னாலுள்ள சுவர் அசைவதில்லை. சுவரைத் திரும்பத் திரும்ப அனுப்புவானேன்?

ஒரே படத்துக்குள் நடக்கும் சுருக்கம் இதைவிட நுட்பமானது. படத்தைச் சிறு கட்டங்களாக வெட்டுகிறார்கள். கட்டத்துக்குக் குறுக்கே எட்டு, நெடுக்கே எட்டுப் புள்ளிகள் என்று வைத்துக்கொண்டால், நாம் கணக்கிட்ட திரையில் 32,400 கட்டங்கள் ஆகின்றன. கட்டத்திலுள்ள 64 புள்ளிகளையும் தனித்தனியே கூறாமல், 64 அடிப்படைக் கோலங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு கலந்தால் இந்தக் கட்டம் வரும் என்று கூறுகிறார்கள். முதற்கோலம் வெறும் சம நிறம். அடுத்தது ஒருபுறம் வெளுத்து மறுபுறம் கறுப்பது. பின்னர் வரிகள் மேன்மேலும் நெருங்கிக்கொண்டே போகும். வானமும் கன்னமும் சுவரும் பெரும்பாலும் முதற்சில கோலங்களிலேயே அடங்கிவிடும். மிக நெருங்கிய வரிகளின் அளவைச் சற்றுக் கூட்டிக் குறைத்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. எனவே அவற்றைத் துணிந்து கழித்துவிடலாம்.

இந்த முறையை முதலில் எண்ணியவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்தபோது, 1972-இல் இதனை ஆராயப் பொருளுதவி வேண்டி அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். அளவுக்கு மீறி எளிமையாக இருக்கிறது என்பது ஆய்ந்தவர்களில் ஒருவரது அபிப்பிராயம். பொருளுதவி இல்லாமலே அவர் அடுத்த ஆண்டின் கோடைகாலத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய சிறு கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. 2003-இல் வகுக்கப்பட்டு இன்றும் வழங்கிவரும் எச்.264 என்னும் சுருக்கமுறையிலும் அந்தக் கணிதத்தின் ஒரு வடிவமே வேலை செய்கிறது. எளிமை ஒரு குற்றமாகத் தோன்றிய அந்த விண்ணப்பம் ஏற்கப்பட்டிருந்தால் அவருடைய கோடைகாலம் சற்றுச் சுகமாகக் கழிந்திருக்கும்.

இவ்வாறு முந்நூறு கோடி பிட்டுகள் ஒரு கோடியளவில் சுருங்குகின்றன. முந்நூற்றில் ஒரு பங்கு! யானை இப்போது சன்னலில் நுழையும்.

இனித்தான் பலரும் குழம்புமிடம் வருகிறது. டேப்பையும் தொலைக்காட்சியையும் இணைக்க இரண்டு வேறுபட்ட வழிகள் உள்ளன. பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இரண்டும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறோம்.

முதல் வழி, திரையைப் பிரதிபலித்தல். 'ஸ்கிரீன் மிரரிங்' என்று பெட்டியில் எழுதியிருக்கும். டேப் தன் திரையில் அந்தக் கணத்தில் தோன்றுவதையெல்லாம் அப்படியே படமெடுத்து, மேற்சொன்ன வகையில் சுருக்கி, அலையில் ஏற்றி அனுப்புகிறது. தொலைக்காட்சி அதனை விரித்துக் காட்டுகிறது. வைஃபைக் கூட்டமைப்பு 2012-இல் வகுத்த மிராகாஸ்ட் என்னும் முறை இவ்வகையைச் சேர்ந்தது. அதில் இரண்டு கருவிகளும் தமக்குள் நேரடியாகக் கை கோத்துக்கொள்ளும். நடுவே வேறு சாதனமோ இணையமோ வேண்டியதில்லை. இணையம் எட்டாத ஊரிலும், டேப்பில் முன்பே சேமித்து வைத்த பாடத்தை ஒரு காசு செலவில்லாமல் பெரிய திரையில் காட்டலாம். ஆப்பிள் நிறுவனத்தின் டேப்பில் மிராகாஸ்ட் இல்லை. 2010-இல் வந்த ஏர்ப்ளே என்னும் சொந்த முறை இருக்கிறது. மற்ற டேப்புகளிலும் மிராகாஸ்ட் சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. ஆகவே வாங்குமுன் கேட்டறிவது நன்று.

இரண்டாவது வழியை 'காஸ்ட்' என்பார்கள். இதில் டேப் படத்தை அனுப்புவதே இல்லை. "இன்ன முகவரியில் இன்ன படம் இருக்கிறது, நீயே போய் எடுத்துக்கொள்" என்று தொலைக்காட்சிக்கு ஒரு சீட்டு அனுப்புகிறது. தொலைக்காட்சி வீட்டு இணையத்தின் வழியே வெளியே சென்று, படத்தைத் தானே பெற்றுக் காட்டுகிறது. அதன்பிறகு டேப் ஒரு தொலைக்கட்டுப்பாட்டுக் கருவி மட்டுமே. கூகுள் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட குரோம்காஸ்ட் என்னும் கட்டை விரலளவுச் சாதனம் இவ்வழியைப் பரப்பியது. 2024-இல் அச்சாதனத்தின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. முறையோ பல தொலைக்காட்சிகளின் உள்ளேயே அமைந்துவிட்டது.

பெயர்களை நம்பாமல் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தொலைக்காட்சியில் படம் ஓடிக்கொண்டிருக்கையில் டேப்பின் திரையை அணையுங்கள். படம் தொடர்ந்து ஓடினால் சீட்டு அனுப்பப்பட்டிருக்கிறது. ஓட்டம் அறுந்துபோனால் பிரதிபலிப்பு.

இந்த ஒரு சோதனை பல கேள்விகளுக்கு விடை தரும். பிரதிபலிப்பில் டேப் ஓயாமல் சுருக்கும் வேலை செய்வதால் சூடேறும், மின்கலம் விரைவில் தீரும். படமெடுக்கவும் சுருக்கவும் அனுப்பவும் விரிக்கவும் நேரம் பிடிக்கிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோ கழிந்துதான் பெரிய திரையில் தோன்றும். திரைப்படம் பார்க்கையில் இத்தாமதம் உறுத்தாது. டேப்பில் எழுதுகோலால் கணக்குப் போட்டுக்கொண்டே பெரிய திரையைப் பார்ப்பீர்களானால், கைக்குப் பின்னால் எழுத்து ஓடிவரும். விளையாட்டோ இன்னும் மோசம். அத்தகைய வேலையில் கண்ணை டேப்பிலேயே வைத்துக்கொள்வது உசிதம்.

காஸ்ட் முறையில் டேப்புக்கு ஓய்வு. ஆனால் பாரம் முழுவதும் வீட்டு இணையத்தின்மீது விழுகிறது. நொடிக்கு ஐம்பது லட்சம் பிட்டு வீதம் ஓடும் படம் ஒரு மணி நேரத்தில் இரண்டேகால் கிகாபைட்டைத் தின்றுவிடும். அப்பாவின் கைபேசியிலிருந்து 'ஹாட்ஸ்பாட்' வழியாக இணையம் வாங்கிப் பார்க்கும் வீட்டில், அன்றைய பங்கு ஒரு பாடத்திலேயே தீர்ந்துபோகலாம். அத்தகைய வீட்டுக்கு, இணையம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு பிரதிபலிப்பதே ஏற்றது என்பது என் கருத்து. பணம் கட்டிப் பார்க்கும் திரைப்படங்கள் சில, பிரதிபலிக்கும்போது ஒலி மட்டும் கேட்டுத் திரை கறுத்துப்போவதுண்டு. அது பழுதன்று, படத்தின் உரிமையாளர் நகலெடுப்பதைத் தடுக்கப் போட்ட பூட்டு. அப்படங்களை அவற்றின் செயலியிலுள்ள காஸ்ட் பொத்தானால் பார்க்கலாம்.

டேப் தொலைக்காட்சியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஊரில் தண்டோராப் போடுவதுபோல்தான். காஸ்ட் முறையிலும் ஏர்ப்ளேயிலும் டேப், 224.0.0.251 என்னும் பொது முகவரிக்கு, "இங்கே படம் காட்டக்கூடியவர் யாரேனும் உண்டா?" என்று ஒரு கேள்வியை விடுக்கிறது. அது வீட்டு வலையிலுள்ள எல்லாக் கருவிகளின் காதிலும் விழும். விளக்கும் அச்சுப்பொறியும் பேசாமலிருக்க, தொலைக்காட்சி தன் பெயரைச் சொல்லிக் கையுயர்த்தும். தண்டோரா ஊரெல்லையைத் தாண்டாது. ஆகவே இரண்டு கருவிகளும் ஒரே வலையில் இருந்தாக வேண்டும். டேப் 'விருந்தினர்' வலையில் இருந்தாலும், கைபேசிச் சிம்மின் இணையத்தில் இருந்தாலும் தொலைக்காட்சியின் காதில் எதுவும் விழாது. கல்லூரி விடுதிகளில் டேப்பும் தொலைக்காட்சியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒன்றையொன்று அறியாமலிருப்பதற்குப் பெரும்பாலும் வேறொரு காரணம் உண்டு. ஒருவர் கருவியை மற்றவர் தொடாதபடி விடுதி வலையில் அறைக்கு அறை தடுப்பு எழுப்பியிருப்பார்கள். நூறு பேர் புழங்குமிடத்தில் அது நியாயமே. அங்கே மிராகாஸ்ட் இருந்தால் அது பயன்படும். இல்லாவிட்டால் எச்.டி.எம்.ஐ. கம்பியை நாடலாம். ஆனால் எல்லா டேப்பும் கம்பி வழியே படம் தருவதில்லை. அதையும் விசாரித்துக்கொண்டே கம்பி வாங்க வேண்டும்.

பிரதிபலிப்பில் ஒன்றை மறவாதீர்கள். டேப்பின் திரையில் தோன்றுவது அனைத்தும் சுவரில் தோன்றும் என்றேன். அனைத்தும் என்பதில் நண்பர் அனுப்பும் குறுஞ்செய்தியும் அடங்கும். வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அடங்கும். நீங்கள் தட்டச்சிடுகையில் ஒவ்வோர் எழுத்தாக மின்னி மறையும் கடவுச்சொல்லும் அடங்கும். டேப் தாயாருடையதாய், கூடத்தில் விருந்தினர் அமர்ந்திருக்கையில், அவருக்கு வந்த மருத்துவமனைச் செய்தி நாற்பது அங்குலத்தில் விரிவதை எண்ணிப் பாருங்கள். தொடங்குமுன் அறிவிப்புகளை நிறுத்தி வைக்கும் 'தொந்தரவு செய்யாதே' என்னும் அமைப்பை இட்டுவிடுவது அரை நிமிட வேலை. காஸ்ட் முறையில் செல்லுவது சீட்டு மட்டுமே ஆதலால் இந்த அச்சம் இல்லை. அடுக்குமாடி வீடுகளில் மிராகாஸ்ட் பட்டியலில் மேல்வீட்டுப் பெட்டியின் பெயரும் தெரியக்கூடும். பெயர்கள் பெரும்பாலும் தொழிற்சாலையில் இட்டவையாய் ஒன்றுபோலவே இருக்கும். உங்கள் பெட்டிக்கு வேறு பெயர் சூட்டி, புதிய கருவி வந்தால் எண் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். அவ்வசதி பல பெட்டிகளில் இருக்கிறது.

காஸ்ட் முறைக்கும் ஒரு குறும்பு உண்டு. தண்டோராவுக்குப் பெட்டி சொல்லும் மறுமொழி வீட்டிலுள்ள எல்லார்க்கும் பொதுவானது. கூடத்தில் பாட்டி இராமாயண உபந்நியாசம் கேட்டுக்கொண்டிருக்க, மாடியிலிருக்கும் பேரன் தன் கைபேசியைத் தொட்டு அதனை நிறுத்திவிட முடியும்; தன் பாட்டை ஓடவிடவும் முடியும். ஓடும் படத்தைப் பிறர் கட்டுப்படுத்தலாம் என்ற அனுமதியை அமைப்புகளில் நீக்கிவிட்டால், நிறுத்தும் பொத்தான் அவன் கைபேசியில் தானாக வந்து நிற்பது ஓயும். வேறு படத்தை அனுப்புவதை அது தடுக்காது. அதற்குப் பாட்டிதான் மாடிக்குக் குரல் கொடுக்க வேண்டும்.